கார்டு வரட்டும்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அது தணிந்த பிறகு வேறு என்னவோ வரும். அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலம் அது. என் பூத்துக்கும் அவர் ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கேசட்டாகக் கொடுப்பது அவர் தொழில். எங்கள் பக்கத்தில் அதற்கு மிக்சிங் என்று பேர். ஊரே அவரை மிக்சிங்காரர் என்றுதான் சொல்லும். சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் அண்ணே என்பேன்.

காலையில் கடை திறந்ததும் என் பூத்துக்குள் வந்து கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்வார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்குப் போன் போடுவார். கதவைச் சாத்தி என்ன பயன், ஊர் தூரமாக இருந்தால் குரலையும் அதற்குத் தக்கபடி உயர்த்த வேண்டும் என்று நம்பியவர் அவர்.

"சார், உத்திரமேரூர்லேந்து பேசறேன். கார்டு வந்துட்ச்சா? சிங்கப்பூர்ல வந்துட்ச்சின்னு சொல்லிக்கினு கீறாங்களே. அடுத்த மாசமா? சரி சார். இல்ல சார், எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. அதுல இன்னா புதுசா கீது, அத மட்டும் சொல்லுங்களேன்."

அந்தப் பக்கம் சொல்லச் சொல்ல இவர் "ம்" கொட்டுவார். வெளியே வரும்போது பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும் முகம். வந்து நின்று எனக்கும் ஒருமுறை சொல்வார். எனக்குப் பாதி புரியாது. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒரு பச்சைத் தகடு. கேமரா கேசட்டில் இருக்கும் படத்தை அதன் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு வெட்டுவது, ஒட்டுவது, பூவைத் தூவுவது எல்லாம் அதற்கென்று உள்ள சாஃப்ட்வேரில். தகடும் மாறிக்கொண்டே இருக்கும், சாஃப்ட்வேரும் மாறிக்கொண்டே இருக்கும். புதிதாக வருவதற்கு வெர்ஷன் என்று பேர். அந்தச் சொல்லைக் கேள்விப்பட்ட நாளோடு மனுஷன் கெட்டார் என்பது என் தீர்ப்பு.

அதற்கு முன்னால் நன்றாகத்தான் இருந்தார். கேசட் ஓட்ட இரண்டு டெக், படம் கலக்க ஒரு மிக்சர், அவ்வளவுதான் சாமான். மறுவீட்டு விருந்தெல்லாம் முடிவதற்குள் கேசட் கைக்கு வந்துவிடும். மாப்பிள்ளை இதயத்துக்குள் இருந்து சிரிப்பார், பெண் தாமரைக்குள் இருந்து சிரிப்பாள், நடுவில் சுவிட்சர்லாந்து வந்துபோகும். ஜனங்களுக்கு அதுவே ஜாஸ்தி. கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு அவருக்கு எதுவும் போதாமல் போயிற்று. செய்ததைப் போட்டுப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். "இந்த வெர்ஷன்ல இவ்ளோதான் வரும் தம்பி. அடுத்ததுல பாரு" என்று பாதியில் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். ஓரம் நிறைந்துகொண்டே வந்தது.

அவர் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு பக்கத்து மூடியே கிடையாது. அடுத்த கார்டு வந்தால் மறுபடி கழற்ற வேண்டுமே, எதற்கு மூடுவது என்பார். உள்ளே பல்லி குடும்பம் நடத்தியது. டேபிள் ஃபேன் அவருக்குக் காற்று வீசாது, பெட்டியின் வயிற்றுக்குத்தான் வீசும். வேலை முடிந்து படத்தைக் கம்ப்யூட்டர் மொத்தமாகச் சமைத்துத் தருவதற்கு ரெண்டரிங் என்று சொல்வார். அது ஓடும்போது கரண்டு ஒரு சிமிட்டுச் சிமிட்டினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் வாசலில் வந்து நின்று தெருவையே காவல் காப்பார். எதிர் ஓட்டலில் கிரைண்டர் போடக் கூடாது. என்னிடமும் வந்து, "தம்பி, ஃபேன நிறுத்து, ரெண்டரிங் போவுது" என்பார். வியர்க்க வியர்க்க நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பேச்சை ஏன் கேட்டேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. அவர் சொல்கிற விதத்தில் ஏதோ பிரசவம் நடப்பது போல இருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். ஊருக்கெல்லாம் வீடியோ எடுத்தவர் வீட்டில் டிவி கிடையாது. தட்டையாக ஒரு டிவி வரப்போகிறது, அதை வாங்கிக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்திருந்தார். அவர் சம்சாரம் பால்வாடியில் வேலை பார்த்த அம்மா. சீரியல் பார்க்க அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். ஒருநாள் என் பூத்துக்கு வந்தவர், "தம்பி, உங்க அண்ணன் போன்ல எனக்கும் புது வெர்ஷன் கேட்டுக்கினு கீறாரா? இருந்தா சொல்லிடுங்க, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் நான் சிரிக்கவில்லை.

சாலவாக்கத்துக்காரர் ஒருவர் மகள் கல்யாணக் கேசட்டுக்காக நடையாய் நடந்தார். ஒருநாள் சண்டைக்கே தயாராக வந்து நின்றார்.

"இன்னாங்க, கேசட்டு ரெடியா, இல்லியா?"

"ஒக்காருண்ணே. டீ சாப்புடு. பாப்பா நல்லா கீதா?"

"பாப்பாவுக்குப் புள்ள பொறந்து, அதுக்குக் காது குத்தப் போறோம். நான் கேக்கறது கல்யாணக் கேசட்டு."

"காது குத்து என்னிக்குண்ணே? நானே வந்து எடுத்துடறேன். ரெண்டையும் சேத்து ஒரே கேசட்டா போட்டுடலாம். அம்மா கல்யாணத்த புள்ள பாக்கற மாதிரி ஆரம்பிக்கலாம். கார்டு வரட்டும்."

அந்த மனிதர் கோபத்தோடு வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பேரன் உட்கார்ந்து அம்மா கல்யாணத்தைப் பார்ப்பது அவர் கண்ணில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. டீயைக் குடித்துவிட்டு, காதுகுத்துத் தேதியைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். இவரிடம் இருந்த பேஜார் இதுதான். பொய் சொன்னால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். இவர் சொன்னதை இவரே நம்பினார். பக்கத்தில் நின்றால் நமக்கும் தொற்றிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடியோவில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ அப்பாவோ அம்மாவோ உயிரோடு இல்லையென்றால், போட்டோவை வாங்கித் தாலி கட்டும் இடத்தில் மேலே மேகத்துக்குள் வைப்பார்கள். அங்கிருந்து பூ விழும். வீடே உட்கார்ந்து அழும். அழவில்லையென்றால் மிக்சிங் சரியில்லை என்று அர்த்தம். அவருக்கு அந்த மேகத்தைக் கண்டாலே ஆகாது.

"செத்தவங்க இன்னாத்துக்கு மேகத்துல போயி நிக்கறாங்க? பொண்ணு கல்யாணத்துல அப்பன் எங்க நிப்பான்? பொண்ணு பின்னாலதான நிப்பான். கீழ எறக்கணும் தம்பி அவங்கள."

இறக்கியும் பார்த்தார். தென்னேரியில் ஒரு கல்யாணத்துக்குப் பெண்ணின் செத்துப்போன அம்மாவை முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்தார். எனக்கும் போட்டுக் காட்டினார். கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினது மாதிரி ஓரமெல்லாம் பிசிறு. அந்த வீட்டார் அதைக் கவனிக்கவே இல்லை. அழுதார்கள், அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இவர்தான் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார். புதுக் கார்டில் பிசிறு விழாதாம், ஆளுக்குக் கீழே நிழல்கூடப் போடலாமாம். அதன் பிறகு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அவர் போட்ட போனெல்லாம் இதற்காகத்தான்.

எங்கள் அப்பா போய், வருஷத் திதி முடிந்த கையோடு என் தங்கை செல்விக்குக் கல்யாணம் வைத்தோம். வீடியோவுக்கு இவரை விட்டு வேறு யாரிடம் போவது? அம்மா ஒரு போட்டோவை முந்தானைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அப்பா முழு உருவமாக நிற்கும் படம் அது ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் டிராக்டர் வாங்கியபோது எடுத்தது. போட்டோ பிடித்தவன் எதற்காகவோ கும்பிடச் சொல்லியிருக்கிறான். அப்பாவும் டிராக்டருக்குப் பக்கத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார்.

"தாலி கட்டும்போது செல்வி பின்னால இவரு நிக்கற மாதிரி பண்ண முடியுமா நைனா?" என்று அம்மா கேட்டாள்.

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் விரிந்துவிட்டது. "கல்யாணத்துக்கு வந்தவங்கள கும்புடற மாதிரியே கீறாரும்மா. நிக்க வெச்சிடலாம். ஆனா இப்ப வேணாம். கார்டு வரட்டும். அப்ப வெச்சா, அவரு செத்துப்போனவருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

அம்மா அதில்தான் விழுந்தாள். மேகத்திலேயே வைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "கீழயே நிக்கட்டும்டா. இப்ப இன்னா அவசரம்?" என்றாள். அவர் கல்யாணப் படத்தை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, வெட்டி ஒட்டி, அப்பாவுக்கு மட்டும் இடம் விட்டு வைத்தார். அம்மா சந்தைக்கு வரும்போதெல்லாம் ஸ்டுடியோ வாசலில் நின்று, "வந்துட்ச்சா அது?" என்று கேட்பாள். எது என்று அவளுக்குத் தெரியாது. "வந்துக்கினே கீதும்மா" என்பார். இருவரும் ஏதோ ஒரே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல அதையே பேசிக்கொள்வார்கள்.

மறு வருஷம் செல்வி போய்விட்டாள். மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முற்றியிருந்தது. வயிற்றில் குழந்தை வேறு. கல்யாண ஆல்பம் வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை வீட்டில் இருந்தது. கேட்கப் போன இடத்தில் வார்த்தை தடித்து, அதோடு அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சு நின்றது.

காரியம் முடிந்த அன்று அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தாலி கட்டி முடிந்ததும் செல்வி அவள் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாளாம். மேளச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அம்மா சும்மா தலையை ஆட்டி வைத்திருக்கிறாள். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, அப்புறம் மறந்தே போனாள்.

"கேமரா எங்க பக்கத்துலதான்டா இருந்துச்சு. அவ இன்னா சொன்னான்னு கேசட்டுல இருக்கும் இல்ல?"

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "அவரு வேணாம் நைனா. பொண்ணு மட்டும் போதும். எப்படிக் கீதோ அப்படியே குடுத்துடு."

அவர் அழுதார். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே அழுதார். எனக்கு அப்போது அவர் மேல் இருந்த பிரியத்தை மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டு மனிதர் மாதிரி அழுதார். அழுது முடித்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா. கார்டு நிஜமாவே வந்துட்ச்சு. நாளைக்குப் போயி வாங்கிக்கினு வந்துடறேன். ரெண்டு பேரையும் சேத்து நிக்க வெச்சே குடுக்கறேன்" என்றார்.

மூடியில்லாத பெட்டிக்குள் பழைய கார்டு அப்போது இருந்தது. ஒரு கேசட்டைச் செருகிப் பொத்தானை அழுத்தியிருந்தால் அம்மா அன்று மத்தியானமே மகளைப் பார்த்திருப்பாள். அவரால் முடியவில்லை. அம்மாவை அனுப்பிவிட்டு நான் மட்டும் திரும்பிப் போய், "அண்ணே, சும்மா இருக்கறத குடுத்துடுங்க" என்றேன்.

"இந்த அம்மாவுக்கு ஒரே ஒரு தடவதான் குடுக்கப் போறேன் தம்பி. அதுல பிசிறு இருக்கக் கூடாது" என்றார். வைராக்கியமாகச் சொன்னார். நான் பூத்துக்குத் திரும்பினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனார். பழைய கார்டைக் கொடுத்தால்தான் அந்தக் கடையில் புதியதைத் தருவார்கள், அதனால் அதைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் புதுக் கார்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வந்து இறங்கினார். அதன் பிறகு கடை பாதிக் கதவு சாத்தியே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். முதல் இரண்டு நாள் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போன் மேல் போன் போட்டார். முதல் தடவையாகக் குரல் வெளியே கேட்கவில்லை. பிறகு போனுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். புது வேலையில் மூழ்கிவிட்டார் என்று நான் நினைத்தேன்.

இப்போது அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அவர் தொழிலை அந்த வருஷமே விட்டார். ஓரமாகக் கிடந்த கல்யாணங்களையெல்லாம் காஞ்சிபுரத்தில் வேறொருவரிடம் கொடுத்து, கேமரா கேசட்டில் மிச்சம் இருந்ததை இதயமும் தாமரையுமாகவே முடிக்கச் சொல்லி, வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறார் என்று யாரோ சொன்னார்கள். ஒருமுறை பஸ்ஸில் என்னைப் பார்த்துவிட்டு முன்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டார். நானும் கூப்பிடவில்லை.

புதுக் கார்டு வாங்கி வந்த சில நாள் கழித்து அவர் எங்களை வரச் சொன்னது ஒரு வெயில் மத்தியானம். அம்மாவுக்கு நாற்காலி துடைத்துப் போட்டிருந்தார். டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். வீடியோவை ஓடவிட்டார்.

முதலில் பூப்போட்ட எழுத்தில் செல்வி பேரும் மாப்பிள்ளை பேரும் வந்தன. நாகஸ்வரம். பிறகு திரை கறுப்பானது. நாகஸ்வரம் போய்ப் பாட்டு வந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. இப்போது வரும், இப்போது வரும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டு மாறியது. கெட்டிமேளத்துக்கு என்று அவர் வைத்திருந்த இசை வந்ததும் அந்தக் கறுப்புக்குள் அப்பா வந்து நின்றார். ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது. காலடியில் நிழல் விழுந்திருந்தது. டிராக்டர் இல்லை, மேகம் இல்லை. வெள்ளை வேட்டியோடு, கையைக் கூப்பிக்கொண்டு, என்னைப் பெற்ற அப்பா உயிரோடு நின்றார். அவர் மேல் பூ விழுந்தது. அவரைச் சுற்றி யாருமே இல்லை.

"அவரு கீறாரு" என்றாள் அம்மா. "அவ எங்க நைனா?"

பழைய கார்டு வழியாக ஏற்றிய படம் அந்தக் கார்டு இருந்தால்தான் திறக்குமாம். புதியது அதைத் தொடவே மாட்டேன் என்கிறதாம். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கழற்றிக் கொடுத்த கார்டைக் கடைக்காரர் வேறு யாருக்கோ விற்றுவிட்டார், யாருக்கு என்று அந்தக் கடைக்காரருக்கே ஞாபகம் இல்லை. போட்டோவும் பாட்டும் எழுத்தும் கார்டு வழியாக வந்தவை அல்ல, அதனால் அவை மட்டும் நின்றன. சரி, கேமராவில் எடுத்த கேசட் எங்கே என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றியானதும் அதே கேசட்டில் அடுத்த கல்யாணத்தை எடுப்பது எல்லா வீடியோக்காரர்களும் செய்வதுதான். செல்வியின் மேல் வேறு யார் யாரோ கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் வாயால் சொல்ல வராமல்தான் எங்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் தடுக்கவில்லை.

"உடுடா அவன" என்றாள் அம்மா. அவர் பக்கம் திரும்பினாள். "அவ உள்ள கீறாளா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"உள்ளதாம்மா கீறாங்க. தொறக்க மாட்டேங்குது."

"வெட்டறப்ப நீ பாத்த இல்ல? என் பக்கம் திரும்பி இன்னாவோ சொன்னா."

"பாத்தேம்மா. சிரிச்சிக்கினே சொல்லிச்சு."

"இன்னா சொன்னா?"

அவர் தரையைப் பார்த்தார். "மேல பாட்டுதான போடப்போறோம்னு, சத்தத்த அமுத்திட்டுத்தாம்மா எப்பவும் வெட்டுவேன்."

அம்மா அந்த மூடியில்லாத பெட்டியைப் பார்த்தாள். பிறகு, "அடுத்தது வந்தா தொறக்குமா?" என்று கேட்டாள்.

ஊருக்கெல்லாம் அதற்குப் பதில் வைத்திருந்தவர் அவர். அந்த நிமிஷம், சட்டையைப் பிடித்த எனக்கே, அவர் அதைச் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. பொய்யாக இருந்தாலும் சரி.

"தொறக்காதும்மா" என்றார் அவர். "இனிமே இன்னா வந்தாலும் தொறக்காது."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மேல் பூ விழுந்துகொண்டே இருந்தது. அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அத நிறுத்திடு நைனா. எவ்ளோ நேரம் அவரு தனியா நிப்பாரு?"

அவர் கை எழவில்லை. நான்தான் போய்ச் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தேன்.